ஒரு வார முன்னறிவிப்பு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நானும் இவளும் சுகமாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் குளிர் வந்தால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் எந்த அளவில் இருக்கிறது? மருந்தைப் புட்டி தீரும்வரை குடித்தாயா, அல்லது இருமல் நின்ற அன்றே மூடி வைத்துவிட்டாயா? உண்மையை மட்டும் எழுதவும்.

சென்ற வாரம் நடந்த ஓர் அதிசயத்தை உனக்குச் சொல்ல வேண்டும். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மின்தூக்கி ஆய்வு. ஆய்வு முடியும்வரை எவரும் ஏறக் கூடாதென்பதால் வாசலில் கயிறு கட்டியிருந்தேன். கூண்டை மூன்றாம் தளத்தில் நிறுத்தி, அதன் தரையும் தளத்தின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நீண்ட கால் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தது.

"லிப்ட் ஓடாதுங்க. ஆய்வு நடக்குது," என்றேன்.

"தெரியும் தம்பி. கீழ அறிவிப்பு பார்த்தேன்."

நிமிர்ந்தேன். அந்த மனிதர் தம் முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்து, கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, கீழ்வீட்டுப் பயலேதான்! தலைதான் நரைச்சிருக்கு. மூஞ்சியில அதே வாத்தியார் களை."

நம் பழைய குடியிருப்பில் நமக்கு மேல்வீட்டில் இருந்த நெட்டையண்ணன்! எனக்குச் சைக்கிள் விடக் கற்றுத் தந்தவர். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் நம் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. 'நெட்டை' என்று பெயர் வைத்தவளே நீதான். நான் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பின் அவரைப் பார்க்க வாய்க்கவில்லை. இந்நகரில் எத்தனை ஆயிரம் மின்தூக்கிகள் இருக்கும்? அவற்றுள் நான் குனிந்திருந்த ஒன்றில், நான் குனிந்திருந்த அந்தப் பொழுதில், அவர் கால் வைத்திருக்கிறார். இத்தகைய தற்செயலைக் கதையில் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார். "அக்கா எப்படி இருக்கு? இப்ப எங்க இருக்கு?" நலம் என்றேன். எங்கே என்பதற்கு விடை சொல்லவில்லை. ஊரை விட்டுப் போகும்போது நீ எனக்கு இட்ட ஒரே கட்டளை, 'என் முகவரியை எவர் கேட்டாலும் தராதே, ஏன் என்றும் கேட்காதே' என்பது. காரணம் அறியாமலேயே இருபத்தெட்டு ஆண்டுகளாக அதைக் காத்துவருகிறேன். நெட்டையண்ணனுக்காக அதைத் தளர்த்தலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

வழக்கம்போல் மே மாதம் உன் ஊர்ப் பக்கம் ஆய்வு கேட்டிருக்கிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன். கம்பளியைத் துவைத்து வைக்கவும்.

உன் தம்பி

•

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நீயும் அவளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருந்து புட்டியில் கால்வாசி மீதி இருக்கிறது. உண்மையைக் கேட்டாய், சொல்லிவிட்டேன். நாளெல்லாம் லிப்டில் ஏறி இறங்குகிறவனுக்கு முழங்கால் வலி வருவது உலகத்திலேயே உனக்கு மட்டும்தான். வெந்நீர் ஒத்தடம் கொடு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கூட்டி வருகிறார்கள். பாதிப் பேருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. சிநேகிதி போட்டிருக்கும் சிவப்புச் சட்டம் தனக்கும் வேண்டும், அவ்வளவுதான். பவரே இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டு, "இப்ப தெரியுதா?" என்றால், "ஐயோ, சூப்பரா தெரியுது ஆன்ட்டி!" என்கிறார்கள். இருட்டறைக்கு வெளியே வந்துதான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

மேல்வீட்டு மனிதரைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். கட்டளையைத் தளர்த்த வேண்டாம். அவர் தனியாக வந்தாரா? அந்தக் கட்டடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டாயா? மறுபடி பார்க்க நேர்ந்தால், அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எனக்கு எழுது. நேராமலிருந்தால் நல்லது.

கம்பளி பெட்டியில்தான் இருக்கிறது.

அக்கா

•

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலம் குறித்து எனக்கு ஐயம் உண்டு. ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுகிறவள் நீ. இம்முறை ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அதிலும் நீயே பெயர் வைத்தவரை 'மனிதர்' என்று எழுதியிருக்கிறாய். பழைய மனத்தாங்கல் ஏதேனும் இருந்தால் சொல்லலாம்.

நேராமலிருந்தால் நல்லது என்றாய். அதன்பின் இரண்டு முறை நேர்ந்துவிட்டது. ஒரு முறை துணிக்கடையின் சரக்கு மின்தூக்கியருகே. நின்று பேச நேரமில்லை. மறுமுறை ஒரு மருத்துவமனையில். "லிப்டுக்குள்ள வந்தாத்தான் உன்னைப் பிடிக்க முடியுது போல," என்று தோளில் கைபோட்டுச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப்போய்க் காபி வாங்கித் தந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "வயசானா ஆஸ்பத்திரியில என்ன வேலை இருக்கும்?" என்றார். நீ கேட்டபடி மீதியைச் சொல்லுக்குச் சொல் தருகிறேன்.

"அக்கா வேலைக்குப் போகுதா?"

"போறாங்க. கண்ணாடிக் கடையில. பார்வை அளக்கற வேலை."

"நல்லதாப் போச்சு. எனக்கும் கண்ணு மங்கிட்டு வருது. கல்யாணம்?"

"பண்ணிக்கலை."

"ம்." வெகுநேரம் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். "சொந்த வீடா?"

"வாடகைதான். நாலாவது மாடி. லிப்ட் இல்லாத கட்டடம்."

"லிப்டுக்காரன் அக்காவுக்கு லிப்ட் இல்லையா!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஜன்னலைத் திறந்தா காத்து வருமா? எதிர்ல என்ன இருக்கு?"

"தண்ணித் தொட்டி. ஊருக்கே குடிநீர் போற பெரிய தொட்டி."

"அப்ப காத்து வரும்," என்றார்.

கவனிக்கவும்: ஊரின் பெயரையோ, தெருவின் பெயரையோ, கதவு எண்ணையோ நான் உச்சரிக்கவில்லை. உன் கட்டளையில் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை.

இவளிடம் சொன்னபோது, "ஒரே ஆளை மூணு தடவை லிப்டுலயே பாக்கறது அதிசயமா? எனக்கு அந்த ஆளு மேலதான் சந்தேகமா இருக்கு. நீங்க கட்டின புருஷன், உங்களையே நான் வாரத்துல மூணு தடவை முழுசாப் பாக்கறதில்லை," என்றாள். தற்செயலுக்கு எண்ணிக்கை வரம்பு ஏதும் இல்லை என்று விளக்கினேன். ஏற்கவில்லை.

உன் தம்பி

•

மார்ச் 14

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன்.

சுவரில் எழுதாதே என்று அப்பா சொன்னதற்கு நீ கதவில் எழுதினாய். அடி விழுந்தபோது, கதவு சுவராகாது என்று அழுதுகொண்டே வாதாடினாய். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று உன் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. முகவரி என்று நான் சொன்னது கதவு எண்ணை இல்லையடா. என்னை.

இனி அவர் எதைக் கேட்டாலும், மழை வருமா என்று கேட்டாலும், தெரியாது என்று சொல்.

ஒன்றை யோசித்து எழுது. இன்ன நாளில் இன்ன கட்டடத்தில் நீ இருப்பாய் என்பது, உனக்கும் உன் அலுவலகத்துக்கும் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

மே மாதம் நீ இங்கே வர வேண்டாம். அவளுக்கு என் அன்பைச் சொல். அவள் சொல்வதைக் கேள்.

அக்கா

•

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவதில் எனக்கு இன்று தயக்கம் இருக்கிறது, உடல் என்னவோ நலம்தான்.

நீ கேட்ட கேள்விக்கு முறையாக விடை எழுதத் தொடங்கினேன். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வாரம் முன்பே அக்கட்டடத்தின் தரைத்தளத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது விதி. எந்த நாள், எந்த நேரம், வரும் ஆய்வாளர் எவர் என்பன அதில் இருக்கும். முதியவர்களும் நோயாளிகளும் திடீரென்று படியேறித் தவிக்கக் கூடாதல்லவா? அவ்விதியை மேலதிகாரியுடன் போராடிக் கொண்டுவந்தவனே நான்தான். எல்லா அறிவிப்புகளின் படிகளையும் எங்கள் அலுவலக வாசற்பலகையிலும் ஒட்டிவிடுவோம். ஆகவே உன் வினாவுக்கு விடை: எவருக்கும் தெரியும்.

இவ்வரியை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். மேற்கொண்டு எழுதுவதற்குமுன் அலுவலகக் காவலாளியிடம் பேச வேண்டியிருந்தது.

"நெட்டையா ஒருத்தர், பலகையில மூக்கு உரசற மாதிரி நின்னு படிப்பாரே, அவரா? உங்க சொந்தக்காரர்னாரே சார்! போன மழைக்காலத்துலேருந்து வந்துட்டிருக்காரு."

"என்ன கேட்பார்?"

"ஒண்ணும் கேக்க மாட்டாரு. சும்மா பேசிட்டிருப்பாரு. நல்ல மனுஷன், எனக்கு டீ எல்லாம் வாங்கித் தருவாரு. சார் வெளியூர் போறதுண்டான்னாரு. வருஷா வருஷம் மே மாசம் அந்த ஒரே ஊரைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போவாரு, அங்க அவரு அக்கா இருக்காங்கன்னு நான்தான் சொன்னேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா சார்?" என்றார்.

இல்லை என்றேன். அவர் எந்த விதியையும் மீறவில்லை.

மழைக்காலம் முதல் பலகையைப் படித்துவந்தவர், பிப்ரவரியில்தான் என் முன் வந்து நின்றார். இடைப்பட்ட மாதங்களில் எத்தனை கட்டடங்களில் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. இப்போது அவருக்கு ஊர் தெரியும், உன் தொழில் தெரியும், மாடி தெரியும், சன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது தெரியும். முதலாவதைத் தவிர மற்றவை யாவும் நான் தந்தவை.

காரணம் கேட்காதே என்று சொல்லியிருந்தாய். கேட்கிறேன். அவர் உனக்கு என்ன செய்தார், அக்கா?

உன் தம்பி

•

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நலம்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ விடுதியில் இருந்தபோது, அடுப்பு வெடித்து எனக்குக் காயம் என்று அப்பா உனக்கு எழுதினார். விடுமுறைக்கு வந்ததும் நீ அந்த அடுப்பைத் தேடினாய். கிடைத்தால் செய்தவர்கள் மேல் வழக்குப் போடுவேன் என்று குதித்தாய். அதைத் தூக்கிப் போட்டாயிற்று என்றாள் அம்மா.

அன்று மாலை நான் சமையலறையில் இல்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் அப்பா மேல்வீட்டுக்கு ஆள் அனுப்பி, பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொல்லியிருந்தார்.

எனக்குப் பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவன் வீசிய திராவகத்தில் கண்கள் போயிருக்கும் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். இடது காதோடும் கழுத்தோடும் முடிந்தது. பெண்ணின் பெயர் கெடும் என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். அவனை அவன் வீட்டார் அந்த வாரமே எங்கோ அனுப்பிவிட்டார்கள். நான்தான் ஊர் ஊராகப் போனேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நீ வராதே. அவனைத் தேடியும் போகாதே. கீழ்வீடு காலியாகி வெள்ளையடிக்கிறார்கள். அந்த வாசனைக்கு இருமல் திரும்பிவிட்டது. மீதி மருந்து உதவுகிறது பார்த்தாயா? எல்லாவற்றையும் தீர்த்துவிடக் கூடாது.

அக்கா

•

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளிடம் படித்துக் காட்ட முடியவில்லை. கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அழுதாள். அதன்பின் என்னோடு பேசிய முதல் வார்த்தை, "அந்தக் காபியைக் குடிச்சீங்களே," என்பது.

தேடிப் போகாதே என்றாய். போகவில்லை. அறிவிப்பின்படி நான் இருக்க வேண்டிய கட்டடத்தில் இருந்தேன். அவர் வந்தார். கயிற்றுக்கு இப்பால் நான், அப்பால் அவர்.

"அண்ணே, இனிமே என் முன்னால வராதீங்க."

"ஏன் தம்பி? லிப்ட் உனக்கு மட்டுமா ஓடுது?"

"பலகையைப் பார்த்துட்டுத்தானே வர்றீங்க?"

"படிக்கத்தானே ஒட்டியிருக்கீங்க? படிக்கக் கூடாதுன்னா அதையும் கீழ ஒரு வரி எழுதி ஒட்டிடு."

"எல்லாம் எனக்குத் தெரியும். அக்கா எழுதிட்டாங்க."

அவர் முகம் மாறவில்லை. குரல்கூட உயரவில்லை. "என்னப்பா தெரியும்? அடுப்பு வெடிச்சுதுன்னு உங்கப்பாதானே ஊர் பூராச் சொன்னாரு? அவரு பொய் சொல்ற ஆளா?" பிறகு கயிற்றை ஒரு விரலால் மீட்டினார். "ஒரே ஒரு தடவை பார்க்கணும் தம்பி. கண்ணு முழுசா மூடறதுக்குள்ள. எப்படி இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான்."

அங்கிருந்து நேரே காவல் நிலையம் சென்றேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "லிப்டுல ஏறினார்ங்கறது புகாரா சார்? பழைய விஷயத்துக்கு உங்க வீட்டுலயே யாரும் அப்ப எழுதித் தரலை. நீங்களும் ஒரு ஆய்வாளர்தான். எந்தப் பிரிவுல பதியறதுன்னு நீங்களே சொல்லுங்க, பதியறேன்." எனக்குத் தெரிந்த எந்தப் பிரிவிலும் அதற்கு இடமில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வெளியூர் ஆய்வு என்பதால் மே மாத அறிவிப்பு இப்போதே பலகையில் ஏறிவிட்டது; அப்பயணத்தை நீக்கும்படி மேலதிகாரியிடம் கேட்டேன். ஒட்டிய தேதியை மாற்ற விதியில் இடமில்லை என்று, நான் எழுதிய வாசகத்தையே எனக்குப் படித்துக் காட்டினார். இன்று காலை, காவலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தாளைப் பலகையிலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பணியில் சேர்ந்த பின் நான் செய்த முதல் மீறல் இது.

கதவைத் தாழிட்டுக்கொள். எவர் தட்டினாலும் குரல் கேட்டுத் திற.

உன் தம்பி

•

ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

இருமல் இருக்கிறது. மற்றபடி நலம். உன் மேலதிகாரி கடிந்துகொண்டாரா? கிழித்தாய் என்று படித்தபோது நம்ப முடியாமல் இரண்டாம் முறை படித்தேன். ஆனால் படிக்க வேண்டியவன் அதற்கு முன்பே படித்துவிட்டான்.

எங்கள் தெருவில் கண்ணாடிக் கடைகள் மூன்று. திங்களன்று மதியம் முதல் கடைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, இன்னிக்கு ஒரு ஆளு வந்தாரு, கொடிக்கம்பம் மாதிரி. கண்ணு பாக்கணுமாம், ஆனா பாக்கறது ஒரு அம்மாவா இருந்தா நல்லா இருக்குமாம். ஐயா, இங்க நான்தான் இருக்கேன், நானும் ஒரு நாள் அம்மா ஆவேன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு." அவள் போன பின் நான் லென்ஸ் பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிதான்.

புதனன்று இரண்டாவது கடைக்குப் போயிருக்கிறான்.

எங்கள் கடை தெருக்கோடியில் இருக்கிறது.

கீழ்வீட்டில் வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள். யாரோ குடிவந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. அவளைக் கேட்டதாகச் சொல். நீ வராதே, உன்னைப் பார்த்தால் என் வீட்டு வாசலே அவனுக்குத் தெரிந்துபோகும்.

அக்கா

•

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் நலம் கிடக்கட்டும். உடனே புறப்பட்டு இங்கு வந்துவிடு.

இவள் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "அண்ணி, வேலை போனா போகட்டும். இங்க ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. உங்க தம்பியோட பழைய விதிப் புத்தகங்களைத் தவிர அதுல ஒண்ணும் இல்லை. அதையும் நாளைக்கே பரண்ல ஏத்திடறேன். ஒரு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

நானே வந்து அழைத்துவரச் சித்தமாக இருக்கிறேன். வராதே என்று நீ சொல்லியிருப்பதால் உன் சொல்லுக்குக் காத்திருக்கிறேன். 'வா' என்று எழுதினால் போதும். வேறு எதையும் எழுத வேண்டாம்.

உன் தம்பி

•

ஏப்ரல் 22, திங்கள்

அன்புத் தம்பிக்கு,

இருமல் நின்றுவிட்டது. அழைத்ததற்காக அவளுக்கு நன்றி சொல். விதிப் புத்தகங்களைப் பரணில் ஏற்றியது நல்ல காரியம். நான் அந்த அறைக்கு வரவில்லை. எனக்கு இது நான்காவது ஊர். ஐந்தாவது ஊரில் போய் மறுபடியும் தபால் பெட்டி எண் வாங்கி, மறுபடியும் வாடகைக்கு வீடு தேடி, மறுபடியும் யாரோடும் நெருங்காமல் இருக்க எனக்கு வலுவில்லை.

இன்று காலை அவன் கடைக்கு வந்தான். முதலாளி உட்காரவைத்துப் பெயர் எழுதிக்கொண்டு இருட்டறைக்கு அனுப்பிவிட்டார். எங்கள் இருட்டறையில் சுவரில் உள்ள எழுத்துகளுக்கு மட்டும்தான் வெளிச்சம். நாற்காலியில் உட்கார்ந்து மோவாயை உயர்த்திக் கொடுத்தான். சோதனைச் சட்டத்தை அவன் காதுகளில் மாட்டினேன். முதல் லென்ஸைச் செருகினேன்.

"இதுல தெளிவா, அதுலயா?"

"இதுல."

"இப்ப?"

"முன்னாடி போட்டதுதான் நல்லா இருந்துச்சு."

"கடைசி வரியைப் படிங்க."

"கடைசி வரின்னு ஒண்ணு இருக்கா அங்க?"

இவ்வளவுதான் பேச்சு. ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கும் முகம் அவனுக்கு வெறும் மங்கல். அளந்தவள் நான், எனக்குத் தெரியும். என் குரலை அடையாளம் கண்டானா என்பதுதான் தெரியவில்லை. முடித்துவிட்டு விளக்கைப் போடப் போனேன்.

"வேண்டாம்மா, கூசும். கண்ணாடி வந்ததும் நல்ல வெளிச்சத்துல பாத்துக்கறேன்." எழுந்திருக்காமலேயே உட்கார்ந்திருந்தான். "எதைன்னு கேக்க மாட்டீங்களா?"

நான் லென்ஸ்களைப் பெட்டியில் திருப்பி வைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணும் இப்படித்தான். கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டா."

வெளியே போய் முதலாளியிடம் வீட்டு விவரம் சொன்னான். எங்கள் கட்டடம். மூன்றாவது மாடி. "மூணாவதுதான் கிடைச்சுது. நாலாவதுல ஆளு இருக்காங்களாம்," என்று சிரித்தான். நான் இருட்டறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். நான் நாற்காலிச் சத்தம் கேட்டுப் படுத்த நாட்களிலெல்லாம், என் நடமாட்டத்தை அவன் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

அளவைச் சீட்டில் எழுத உட்கார்ந்தபோது, கொஞ்சம் கூட்டி எழுதினால் போதும் என்று தோன்றியது. எல்லாம் கோணலாகத் தெரியும், தலை வலிக்கும், தடுமாறுவான். பேனா அந்தப் பக்கம் போகவில்லை. நம் வீட்டில் நீ ஒருத்தன்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரியான அளவையே எழுதினேன்.

வியாழக்கிழமை கண்ணாடி தயாராகும். அளந்தவரே அதை மாட்டிவிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். முதலாளி அன்று சரக்கெடுக்கப் போகிறார். நான் மட்டும்தான் இருப்பேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானே வந்திருக்கிறான்? எல்லா விளக்குகளையும் போடுவேன். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்வேன். அவன் மூக்கின்மேல் நானே மாட்டிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நிற்பேன். நன்றாகப் பார்க்கட்டும். அதன்பின் அவன் என்ன செய்வானோ, எனக்குத் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு இறங்க மட்டும் மாட்டேன்.

முழங்கால் ஒத்தடத்தை நிறுத்திவிடாதே. அவள் சொல்வதைக் கேட்டு நட.

அக்கா

•

ஏப்ரல் 26, வெள்ளி

அக்கா,

உன் கடிதம் இன்று பகலில்தான் கைக்கு வந்தது. திங்களன்று எழுதியிருக்கிறாய். வியாழன் நேற்று.

உன் ஊரிலிருந்து இங்கு தபால் வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். இதுவரை ஒவ்வொரு கடிதத்திலும் வராதே, வராதே என்று எழுதியவள், இதில் மட்டும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாதபடி பார்த்துக்கொண்டாய்.

உன் கடையின் பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்கக் கூடாது என்று நீ சொன்னதில்லை; சொல்லாததையும் நானாக விதியாக்கிக்கொண்டிருந்தேன். உன் ஊரின் தொலைபேசிப் புத்தகத்தை அலுவலகத்திலிருந்து எடுத்துவந்தேன். உன் தெருவில் உள்ள கண்ணாடிக் கடைகளை இவள் ஒவ்வொன்றாக அழைத்தாள். முதல் கடைப் பெண், "எங்க அக்காவா? கோடிக் கடையில இருப்பாங்களே. இன்னிக்கு அந்தக் கடை பூட்டிக் கிடக்குதே," என்றாள். பூட்டியிருக்கும் கடைக்கும் அழைத்துப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இவள் கருவியைக் கீழே வைக்க மறுத்தாள். நான்தான் வாங்கி வைத்தேன். உன் ஊர்க் காவல் நிலையத்துக்கும் பேசினேன். ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். அனுப்பினார்களா என்பதற்கு இதுவரை விடை இல்லை.

இதை வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் சேர்க்க அல்ல. எழுதாமலிருக்க முடியாததால் எழுதுகிறேன். விடுப்புக் கடிதம் தரவில்லை. நாளைக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அறிவிப்பு அங்கே அப்படியே ஒட்டியிருக்கும், நான் இருக்க மாட்டேன். இவள் எதிரே சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

விடியும்போது வண்டி உன் ஊரில் நிற்கும். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்தால் உன் கட்டடம். அங்கே மின்தூக்கி இல்லை. மூன்றாவது மாடியைக் கடந்துதான் நான் உன்னிடம் ஏறி வர வேண்டும்.

உன் தம்பி